நூத்தி அறுவத்து மூணு கையெழுத்து

அண்ணாச்சி, அதைப் பத்த வைக்காதீங்க. ஆமா, உங்களத்தான் சொல்லுதேன். பஸ்ஸு கெளம்பலன்னா அது பஸ்ஸு இல்லன்னு ஆயிருமா? பொது இடம். சட்டப்படி எரநூறு ரூவா அபராதம். கண்டக்டரு கேக்க மாட்டாரு, அந்தா டீக்கடையில நிக்காரு பாருங்க, அவரு கையிலயே ஒண்ணு பொகையுது. அதான் நான் கேக்கேன். எங்க எந்திரிச்சுப் போறீங்க? உக்காருங்க. இப்ப எறங்குனீங்கன்னா சீட்டு போயிரும், நாரோயில் வரைக்கும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வரணும்.

அந்தப் பீடிக்கட்டைக் கொஞ்சம் கொடுங்க. ஐய, புடிக்க இல்ல, பாக்கத்தான். இந்தா, இந்த எச்சரிக்கைப் படம். இதை என்னைக்காவது உத்துப் பாத்திருக்கீங்களா? நெசமாச் சொல்லுங்க. பாத்திருக்க மாட்டீங்க. கசங்கி, மை அப்பி, வாயா வயிறான்னே தெரியல. இதைத் தெளிவாப் போடணும், கட்டு முழுக்கச் சுத்திப் போடணும், கம்பெனி பேரு கடுகு மாதிரி ஓரத்துல இருந்தாப் போதும்னுதான் இன்னைக்குக் காலையில இருந்து தொண்டை கிழியக் கத்திட்டு வாரேன். எல்லாத்தையும் ஒரே ஒரு ஆளு கவுத்துப்போட்டுட்டா. யாருன்னு நெனைக்கீங்க? கம்பெனிக்காரனா? மந்திரியா?

எங்கம்மா. பெத்த தாயி.

சிரிக்காதீங்க. எனக்கு வார கோவத்துக்கு இந்த பஸ்ஸை நானே ஓட்டிருவேன்.

எம் பேரு ஆவுடைச்செல்வி. நாரோயில்ல காலேஜி, மூணாம் வருசம், ஹாஸ்டல். காலேஜில புகையிலை எதிர்ப்பு மன்றம்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நான்தான் செயலாளர். ‘வளரும் நாடுகளில் புகையிலைக் கட்டுப்பாடு’ன்னு கட்டுரை எழுதி மாநில அளவுல முதல் பரிசு வாங்குனவ. கேட்டுக்கிடுங்க, பணக்கார நாட்டுல எல்லாம் புடிக்கிறவன் எண்ணிக்கை கொறைஞ்சு போச்சு. அங்க விக்க முடியாததை எங்க கொண்டாந்து தள்ளுதான்? நம்ம தலையில. நம்ம அரசாங்கம் என்ன செய்யுது? ஒரு கையால வரி வாங்குது, இன்னொரு கையால கேன்சர் ஆஸ்பத்திரி கட்டுது. வளரும் நாடாம். எங்க தெருவுல வளந்த ஒரு பொருளக் காட்டுங்க பாப்போம், இருமலைத் தவுத்து.

எங்க ஊரு கீழப்பாறைக்குளம். வீட்டுக்கு வீடு பீடிதான். மடியில சுளகு, அதான் மொறம், அதுல புகையிலைத் தூளு, இலை, கத்திரி, நூலு. எங்கம்மா உச்சிமாகாளி முப்பத்தோரு வருசமாச் சுத்துது. நான் தொட்டில்ல கெடக்கும்போதே அந்த நெடி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பையில இலையும் கத்திரியும் போகும். பந்திக்கு நேரம் இருந்தா ஓரமா உக்காந்து நாளைக்கு வேண்டிய இலையை வெட்டி வச்சிருவாளுக. இந்தப் பழக்கத்தை ஞாபகத்துல வச்சுக்கிடுங்க. அதுதான் கடைசியில எனக்கு வெனையா வந்துச்சு.

என்ன கேட்டீங்க? ஃபீஸா? பீடித் தொழிலாளி புள்ளைகளுக்குன்னு ஸ்காலர்ஷிப் வரும். அதுலதான் படிக்கேன். அது என் உரிமை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாரும் இதையே கேக்கீங்க.

சரி, விசயத்துக்கு வாரேன். இந்தப் படத்தைப் பெருசாக்குறதப் பத்திக் கருத்துக் கேக்க டெல்லியில இருந்து ஒரு குழு வருதுன்னு போன மாசம் தெரிஞ்சுச்சு. நம்ம மாவட்டத்துக்கு ஒரே ஒரு நாள். கல்யாண மண்டபம் ஒண்ணுல கூட்டம். யாரு வேணும்னாலும் பேசலாம், மனு கொடுக்கலாம். எங்க புரொபசரு, “ஆவுடை, மாணவர் சார்பா நீ பேசு”ன்னாரு. நான் யோசிச்சேன். நான் ஒருத்தி பேசுனா, படிச்ச புள்ள பேசுதுன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க. பீடி சுத்துற பொம்பளைகளே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தா? எங்களுக்கு இந்தத் தொழிலே வேண்டாம், அஞ்சு வருசத்துல இதை நிப்பாட்டுங்கன்னு அவங்க கேட்டா? டெல்லியே ஆடிராதா?

மூணு நாள் லீவுல ஊருக்கு வந்தேன். கோடு போட்ட தாளு ஒம்பது எடுத்துக்கிட்டேன். வரிசை எண் பச்சை மையில நானே போட்டேன். வீடு வீடா ஏறி எறங்குனேன். நூத்தி அறுவத்து மூணு கையெழுத்து அண்ணாச்சி! ஒரு நாய் ரெண்டு எடத்துல வெரட்டுச்சு, அப்பவும் விடல.

மனுவா? மனு இன்னும் எழுதலயே அப்ப. புரொபசரு திருத்தணும், டைப் அடிக்கணும். கையெழுத்து மொதல்ல வாங்கிட்டா வேலை முடிஞ்சுதுல்ல. கேட்டவங்ககிட்ட, “நல்லதுக்குத்தான், போடுங்க, பெறவு சொல்லுதேன்”னேன். போட்டாங்க. உச்சிமாகாளி மவ, காலேஜி படிக்கிற புள்ள, கேக்குதுன்னு போட்டாங்க. செய்யது பாத்து அக்கா மட்டும், “எதுக்குட்டி இது? பி.எப். ஆபீசுக்கா, ஆஸ்பத்திரிக்கா?”ன்னு கேட்டா. “எல்லாத்துக்குந்தான்”னு சொல்லிட்டேன். பின்ன, ஒவ்வொரு வீட்டுலயும் உக்காந்து உலக சுகாதாரத்துல இருந்து ஆரம்பிக்க முடியுமா? மூணு நாள்தான் லீவு.

எங்கம்மாதான் கடைசி. அது கையெழுத்துப் போடுறதப் பாத்தீங்கன்னா உங்களுக்கு உசுரு போயிரும். அறிவொளி வகுப்புல கத்துக்கிட்டது. பேனாவைத் தொடச்சு, தாளைத் தடவிக்கொடுத்து, ‘உச்சிமாகாளி’ன்னு முழுசா எழுதும். ‘ழ’ மாதிரி ‘ளி’க்கு ஒரு சுழி இழுக்கும். நான் அவசரத்துல, “எம்மா, உ போட்டு ஒரு கோடு இழு, போதும்”னேன். என்னை ஒரு பார்வை பாத்துச்சு.

“ரேசன் கடை மெசினுல வெரல வச்சா என்னை யாருன்னு கேக்குதுட்டி. இலையில தேஞ்சு ரேகையே இல்ல. எனக்குன்னு இருக்கது இந்த ஒரு கையெழுத்துதான். பையத்தான் போடுவேன்.”

அப்படியே பையப் போட்டுச்சு. இதை நான் என் பேச்சுல சேத்துக்கிட்டேன், ரேகை தேஞ்ச கதையை. நல்ல பாயிண்டு அது.

தாளை எல்லாம் அம்மாகிட்டயே கொடுத்து, கூட்டத்தன்னைக்குக் கொண்டு வந்துருன்னு சொல்லிட்டு ஹாஸ்டலுக்குப் போயிட்டேன். போயி மனுவை எழுதுனேன். என்ன மனு தெரியுமா? புரொபசரே ஒரு வார்த்தை மாத்தல. ‘பீடி சுற்றும் பெண்களாகிய நாங்கள் இத்தொழிலை ஐந்தாண்டுகளுக்குள் முற்றிலும் நிறுத்துமாறும், மாற்றுத் தொழில் வழங்குமாறும் கோருகிறோம்.’ படிக்கப் படிக்க எனக்கே புல்லரிச்சுச்சு. சந்தோசம் தாங்காம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டேன்.

அதுதான் தப்பு. ஆமா, ஒத்துக்கிடுதேன், நான் செஞ்ச ஒரே தப்பு அதுதான்.

எங்க ஊருல கம்பெனி ஏஜெண்டு சந்தனராஜ்னு ஒரு ஆளு. பீடிக்கடை அவரோடதுதான். இலையும் தூளும் அங்கன வாங்கிட்டு வந்து, சுத்துன பீடியை அங்கனதான் கொடுக்கணும். வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், வாயைத் தொறந்தா தேன். ஸ்டேட்டஸைப் பாத்திருக்காரு. முந்தாநாளு பீடி போட வந்த பொம்பளைங்க முன்னாடி என் மனுவை ராகம் போட்டு வாசிச்சிருக்காரு. “உச்சிமாகாளி மவ உங்க வயித்துல அடிக்கப் பாக்குது. உங்க கையெழுத்தை வாங்கித்தான் உங்களையே அடிக்குது. அந்தத் தாளைக் கொண்டாங்க, நான் நல்லபடியா ஒரு மனு எழுதிச் சேத்துக்கிடுதேன். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்.”

எப்பேர்ப்பட்ட அயோக்கியத்தனம் பாருங்க! ஒருத்தர் போட்ட கையெழுத்தை எடுத்து, மேல தனக்குத் தோணுனதை எழுதிக்கிட்டு, அவங்க சொன்னதாக் கொண்டு போயி நீட்டுறது! படிப்பறிவில்லாத சனங்களை இப்படியா ஏமாத்துவாங்க? மனுசன்தானா அவன்?

எங்கம்மா என்ன செஞ்சுது? டிரங்குப் பெட்டியில இருந்த ஒம்பது தாளையும் எடுத்துக் கொடுத்துருச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

அப்ப எனக்கு இது எதுவும் தெரியாது. இன்னைக்குக் காலையில மண்டபத்துல நிக்கேன். ஆளுயரத்துக்கு பேனர் அடிச்சுக் கொண்டு போயிருந்தேன், இந்தப் படத்தையேதான், கழுத்துல புண்ணோட. கம்பெனி வேன் ஏழு வந்து நின்னுச்சு. பிரியாணிப் பொட்டலத்தோட எங்க தெருவே எறங்குது. சுவரோரமா வரிசையா உக்காந்தாங்க. உக்காந்ததும் என்ன? பையத் தொறந்தாச்சு, கத்திரிய எடுத்தாச்சு, இலை வெட்ட ஆரம்பிச்சாச்சு. நாளைக்கு பீடி போடணும்லா. டெல்லிக் குழுவுக்கு முன்னாடி கறுக் கறுக்னு சத்தம். எனக்கு மானம் போச்சு.

என் பேரக் கூப்பிட்டாங்க. பேசுனேன் அண்ணாச்சி. பத்து நிமிசம். வளரும் நாடுகள்ல இருந்து ரேகை தேஞ்சது வரைக்கும். குழுத் தலைவி ஒரு அம்மா, நரைச்ச கிராப்பு, கண்ணாடியைக் கழத்தி வச்சிட்டு என்னையே பாத்தாங்க. பக்கத்துல மொழிபெயர்க்கிறவரு வேர்த்துப் போனாரு. முடிக்கும்போது சொன்னேன்: “இது என் கருத்து மட்டும் இல்ல. நூத்தி அறுவத்து மூணு பெண்களோட குரல். எம்மா, தாளைக் கொண்டா.”

எங்கம்மா எந்திரிக்கல. சந்தனராஜ் எந்திரிச்சாரு.

“இந்தாங்க மேடம்”னு ஒரு மனு. அதுக்குப் பின்னாடி, பின்னு அடிச்சு, என் ஒம்பது தாளு. என் பச்சை மை!

கத்திட்டேன். திருடன்னு சொன்னேன், இன்னும் ரெண்டு சொன்னேன், அதை உங்ககிட்ட சொல்ல முடியாது. அவரு சிரிச்சுக்கிட்டே, “மேடம், இந்தப் புள்ளையோட அம்மாவையே கேளுங்க”ன்னாரு. என்னை அசிங்கப்படுத்தணுமாம். அந்த டெல்லி அம்மாவும், கையெழுத்து யாரோடதோ அவங்க வந்து சொல்லட்டும்னுட்டாங்க.

எங்கம்மா மடியில இருந்த இலையைத் தட்டிவிட்டுட்டு எந்திரிச்சு வந்துச்சு. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டுது.

“எம் பேரு உச்சிமாகாளி. கீழப்பாறைக்குளம்.” அப்படியே நிப்பாட்டிட்டு என் பேனரைப் பாக்குது. பாத்துக்கிட்டே நிக்குது. “இந்தப் படத்தை இன்னைக்குத்தான் பாக்கேன். லேபிள் ஒட்டுதது கம்பெனியில. நாங்க வெறுங்கட்டாத்தான் குடுப்போம். யாரு பெத்த புள்ளையோ, பாவம்.” பெறவு குழுவைப் பாத்து, “இது புடிக்கிறவுகளுக்கு வாரது. சுத்துறவளுக்கு வாரதுக்குப் படம் இருக்காம்மா?”

நான் தலையில அடிச்சுக்கிட்டேன். கேட்ட கேள்வி என்ன, இது பேசுறது என்ன? “எம்மா, விசயத்துக்கு வா”ன்னு கத்துனேன். வந்துச்சு.

“எம்மவ எழுதுனதை ஏஜெண்டு வாசிச்சாரு. அதுல மாற்றுத் தொழில்னு ரெண்டு வார்த்தை இருக்கு. என்ன தொழில்னு இல்ல. மறுநாளு காலையில எந்திச்சு நாங்க என்ன செய்யன்னு இல்ல. சரி, சின்னப் புள்ள. ஆனா ஏஜெண்டு எழுதுனதை யாரும் வாசிக்கலியே. அதையும் வாசிங்க. கேப்போம்.”

சந்தனராஜ் மொகம் போன போக்கப் பாக்கணும்! “அதெல்லாம் மேடம் படிச்சுக்கிடுவாங்க”ங்காரு. டெல்லி அம்மா விடல. வாசிக்கச் சொல்லிட்டாங்க. மொழிபெயர்க்கிறவரு வாசிக்காரு: ‘இத்தொழிலால் எங்களுக்கு எவ்வித நோயும் ஏற்படுவதில்லை. தற்போதைய கூலியில் முழு மனநிறைவோடு உள்ளோம். எவ்வித மாற்றமும் தேவையில்லை.’

சுவரோரமா கறுக் கறுக் சத்தம் நின்னுபோச்சு.

“நோவு இல்லைன்னா சொன்னோம்? எவடி சொன்னா?” செய்யது பாத்து அக்கா எந்திரிச்சு நிக்கா. “ஏ சந்தனராஜு, என் இருமலை வந்து ஒரு நாளு கேளுவே! மன நெறைவாம்லா மன நெறைவு! கழிச்சு எறியுத பீடிக்கு நீ கூலி குடுத்திருக்கியாவே?” ஒருத்தி பின்னாடி ஒருத்தியா மொத்தப் பேரும் எந்திரிச்சுட்டாங்க. அந்தாளு வெள்ளைச் சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. அப்படிப் போடு, எங்கம்மாவா கொக்கா, மனு என் பக்கம் வந்தாச்சுன்னு ஒரு எட்டு முன்னாடி வச்சு, தாளுக்குக் கைய நீட்டுனேன்.

எங்கம்மா என் கையைத் தட்டிவிட்டுச்சு. அத்தனை பேரு முன்னாடி.

“இவரும் நல்லதுக்குத்தான்னாரு. நீயும் நல்லதுக்குத்தான்ன. போட்டது நான்லா?” அப்படின்னுட்டு, டெல்லி அம்மாகிட்ட, “எங்க கையெழுத்தை எங்ககிட்டயே குடுத்துருங்க”ன்னு கேக்குது. அந்த அம்மா என்ன நெனச்சாங்களோ, பின்னைக் கழத்தி ஒம்பது தாளையும் மேசையில பரப்பி வச்சிட்டாங்க.

அப்பதான் அந்தப் பாழாப்போன கத்திரி வந்துச்சு. எங்கம்மா இடுப்புல சொருகியிருந்த இலை வெட்டுற கத்திரிய எடுத்து, தன் பேரு இருக்கிற வரியை மட்டும் ஒரு துண்டா வெட்டி எடுத்துச்சு. அடுத்த பேருல ஒரு மயிரிழை படல. பெறவு செய்யது பாத்து. பெறவு வரிசை. தன் பேரை எழுத்துக்கூட்டித் தேடுதாங்க, தெரியாதவளுக்குப் பக்கத்துல நிக்கிறவ காட்டிக்கொடுக்கா, வெட்டுதாங்க, சுருக்குப் பையில வைக்காங்க. நூத்தி அறுவத்து மூணு பேரு. பீடி இலை வெட்டுற மாதிரியே, எல்லாம் ஒரே அளவு. டெல்லி அம்மா எந்திரிச்சு நின்னு பாக்காங்க. கடைசியில மேசையில கெடந்தது என் பச்சை மை வரிசை எண்ணு மட்டுந்தான். ஓரத்துல, ஒண்ணுல இருந்து நூத்தி அறுவத்து மூணு வரைக்கும். பக்கத்துல ஒண்ணும் இல்ல.

குழு என்ன எழுதிட்டுப் போச்சு தெரியுமா? ‘தொழிலாளர் தரப்பில் மனு எதுவும் பெறப்படவில்லை.’ அதாவது, நாங்க வாயே தொறக்கல! அவ்வளவு கத்தியும்! தபால்ல அனுப்புறதுன்னா பத்து நாளு டைம்னு சொல்லிட்டுப் போனாங்க.

வெளிய வந்து எங்கம்மாகிட்டச் சண்டை போட்டேன். என் மூணு வருசப் பேரு போச்சு, புரொபசரு மொகத்துல எப்படி முழிக்க, உனக்கு அறிவிருக்கான்னு கேட்டேன். அது பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிச்சு என் கையில திணிக்குது. “காலையில இருந்து ஒண்ணும் திங்கல நீ”ங்குது. பெறவு சொல்லுச்சு:

“எட்டி ஆவுடை, நீ நல்லா எழுதுத. நெசமாத்தான் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. ஒவ்வொருத்திகிட்டயும் உக்காந்து கேளு. அவ சொல்லுததை எழுது. எழுதி வாசிச்சுக் காட்டு. துண்டு எங்க பையிலதான இருக்கு, பெறவு நாங்களே ஒட்டித்தாரோம்.”

ஒட்டித் தருவாங்களாம்! நூத்தி அறுவத்து மூணு பேருகிட்ட உக்காந்து கேட்டு, எழுதி, வாசிச்சு... பத்து நாளுல நடக்கிற காரியமா? ஒருத்தி ஆஸ்பத்திரி கேப்பா, ஒருத்தி கூலி கேப்பா, ஒருத்தி தையல் மெசின் கேப்பா, ஒருத்தி பீடியே இருக்கட்டும்பா. அதுல கொள்கை எங்க இருக்கு? அதை டெல்லிக்கு எப்படி அனுப்புறது? நான் பிரியாணியை அது கையிலயே கொடுத்துட்டு நேரா இந்த பஸ்ஸுல வந்து ஏறிட்டேன். வேன் போகும்போது சன்னல் வழியாக் கையக் காட்டுச்சு. நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன்.

கண்ணு கலங்கல. டீசல் புகை.

அதெல்லாம் விடுங்க. எனக்கு வேற யோசனை வந்துருச்சு. சுத்துறவங்க வேண்டாம். புடிக்கிறவங்க! புடிக்கிறவங்களே கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தா? எங்களைக் காப்பாத்துங்கன்னு அவங்களே கேட்டா? இதை ஏன் நான் மொதல்லயே யோசிக்கல? உங்ககிட்டப் பேசிட்டு இருக்கும்போதுதான் தோணுச்சு.

இந்தாங்க பேனா. இந்தாங்க தாளு. நீங்கதான் ஒண்ணாம் நம்பரு, பச்சை மையில போட்டிருக்கேன் பாருங்க. அந்தா கண்டக்டரு வாராரு, வண்டி எடுத்துட்டா கை ஆடும், சீக்கிரம். பேரை முழுசா எழுத வேண்டாம், மொத எழுத்துப் போட்டு ஒரு கோடு இழுங்க, போதும்.

மேல ஒண்ணும் இல்லையா? இருக்காது. ஹாஸ்டலுக்குப் போயித்தான் எழுதணும். என்ன எழுதுவேனா? அதை இப்பச் சொல்லணும்னா நாரோயிலே வந்துரும். நல்லதுக்குத்தான், போடுங்க, பெறவு சொல்லுதேன்.

ஏன் அண்ணாச்சி பேனாவை மூடுதீங்க?